ஒன்றையும் முழுங்காத பெரியம்மா

“இன்னும் அரை ஹவர்தான் இருக்கு,” என்கிறாள் பெரியம்மா, மெழுகுவத்தியை ஊதி அணைப்பதுபோல அந்த ஹ-வை ஊதி. ஊதியபடியே தேடுகிறாள். மேசை இழுப்பறை, ஜன்னல் விளிம்பு, குளியலறை அலமாரி. “என் காம்ப் எங்க? யாராவது எடுத்தீங்களா?” காம்ப் என்பது சீப்பு. அதன் கடைசியில் இருக்கும் பி-க்காக உதடுகள் இரண்டையும் ஒட்டி, ஒரு கணம் வைத்திருந்து, பிறகு விடுகிறாள். பெரியப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “உன் தலையில,” என்கிறார்.

தலையில்தான் இருக்கிறது. பாதி வாரிய நிலையில் நட்டு வைத்ததுபோல.

ரொட்டி வெட்ட அவள் கேட்பது ‘க்நைஃப்’. கே-யும் என்-னும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வரும்போது பாக்கு வெட்டுகிற சத்தம் கேட்கும். மீன் டப்பா ‘சால்மன்’. புதன்கிழமை ‘வெட்-நெஸ்-டே’, வாரத்தின் மற்ற நாள்களைவிட அது கொஞ்சம் நீளமான நாள். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் ‘ப்ளம்பர்’. அதை நாமும் அப்படித்தான் சொல்கிறோம் என்பதால் அங்கே யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போய் ‘க்நீ பெயின்’ என்றாளாம். டாக்டர் தனக்குத் தெரியாத வியாதி போலிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

படிக்கத் தெரியாததால் வந்த பழக்கம் இல்லை இது. படித்துப் படித்தே வந்தது.

பெரியம்மா வேலை பார்ப்பது ஜாடிகளுக்கும் புட்டிகளுக்கும் லேபிள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில். இயந்திரங்கள் ஓடும் கூடத்தைத் தாண்டினால் கடைசியில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அதற்குப் ‘படிக்கிற ரூம்’ என்று பெயர். உள்ளே ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஒன்றில் பெரியம்மா. வாடிக்கையாளர் அனுப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். எதிர் நாற்காலியில் சிவப்புப் பேனா. அவரை எல்லோரும் கூப்பிடுவதே அப்படித்தான். அவர் முன்னால் அச்சகம் தயாரித்த ப்ரூஃப் இருக்கும். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக இப்படி. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, தலையில் ஒரு முடி கிடையாது. ஆனாலும் பெரியம்மாவுக்குத் ‘தம்பி’தான்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம். வாயில் வந்தது காகிதத்தில் இருக்க வேண்டும். வாயில் வராதது காகிதத்தில் இருக்கக் கூடாது. அதனால் பெரியம்மா எல்லாவற்றையும் வாயில் கொண்டுவருவாள். பெரிய எழுத்து வந்தால் ‘பெருசு’. கமா வந்தால் ‘கமா’. தடித்த எழுத்துக்குக் குரலையே தடிப்பாக்குவாள். மற்றவர்கள் மரியாதையாகத் தாண்டிப் போகிற எழுத்துகளை அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவாள்.

“வந்து உக்காந்திருக்கில்ல அந்த எழுத்து? அத்தனை தூரம் வந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடாம எப்படி?”

சிவப்புப் பேனா தன் வாழ்க்கையில் ஒருமுறைதான் சொந்தமாக யோசித்தார். ஒரு ஜாம் கம்பெனி விளம்பரத்துக்காகத் தன் பெயரையே கோணலாக எழுதி அனுப்பியிருந்தது. இவர் பாவம் பார்த்து அதை நேராக்கினார். பதினெட்டுப் பெட்டி லேபிள் திரும்பி வந்தது. அன்றோடு யோசிப்பதை விட்டுவிட்டார். “நான் இங்கிலீஷைப் படிக்கறதே இல்லைக்கா. உங்களைத்தான் கேக்கறேன்,” என்பார். இதைவிடப் பெரிய பாராட்டைப் பெரியம்மா யாரிடமிருந்தும் வாங்கியதில்லை.

இருபத்தெட்டு வருஷம் ஒருவர் இப்படிப் படித்தால் அது அறையோடு நிற்காது. கோபம் வந்தால் பெரியம்மாவின் தமிழிலும் குறிகள் முளைக்கும். “இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க கேள்விக்குறி,” என்பாள் பெரியப்பாவிடம். பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். சிக்கிக்கொண்ட இடத்தில் பதறாமல் நிற்பது அவருடைய தொழில். “லிஃப்ட்ல,” என்பார். “போதும் புள்ளி,” என்று பெரியம்மா முடித்துவிடுவாள். புள்ளி வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் பேச்சைத் தொடர்ந்ததில்லை.

நான் மூன்று வாரம் தங்கலாம் என்று வந்தவள். என் பெட்டி கூடத்து மூலையில் ஜிப் திறக்காமல் நின்றுகொண்டிருந்தது. வந்த மூன்றாம் நாள் பெரியம்மா வேலையிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றாமலே என் எதிரே உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“நீ நாலு நாடு சுத்தினவதானே?”

“ஆமா பெரியம்மா.”

“எந்த எழுத்தை முழுங்கணும், எதைத் துப்பணும்னு எனக்குச் சொல்லிக்குடு.”

நடந்தது இதுதான். அச்சகத்துக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். மூன்று நாடுகளில் ஜாடிகளை விற்கும் கம்பெனி. புதன்கிழமைதோறும் அந்த மூன்று நாட்டு ஆள்களும் கம்ப்யூட்டர் திரையில் வந்து உட்கார்வார்கள். லேபிளை இங்கிருந்து படிக்க வேண்டும், அவர்களும் ஒரு முறை திருப்பிப் படிப்பார்கள், எல்லோரும் சரி என்றால் அச்சுக்குப் போகும். வெள்ளோட்டமாக ஒரு புதன்கிழமை பெரியம்மாவைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் ஒன்றையும் விடாமல் படித்திருக்கிறாள். இடது பக்கச் சதுரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. வலது பக்கத்து இளைஞனின் நெற்றி மட்டும்தான் திரையில் தெரியும். அந்த நெற்றி குலுங்கியிருக்கிறது. பிறகு அவன் மைக்கை அணைத்துவிட்டான். குலுங்குவது நிற்கவில்லை.

மேனேஜர், முதலாளியின் மகள். என் வயதுதான் இருக்கும். கெட்டவள் இல்லை. பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்குப் பழகின மாதிரி படிச்சா நீங்களே படிங்க. இல்லைன்னா கம்ப்யூட்டரே படிச்சிடும். உங்களுக்குப் பேக்கிங் செக்‌ஷன்ல இடம் வச்சிருக்கேன்,” என்றிருக்கிறாள். இன்னும் இரண்டு வாரத்தில் முதல் நிஜ வீடியோ கால்.

“கம்ப்யூட்டர் படிக்கறதை நீ கேட்டிருக்கியா? தூக்கத்துல எழுப்பி உக்கார வச்ச மாதிரி இருக்கும்,” என்றாள் பெரியம்மா. “அந்தப் பேக்கிங்ல வாய்க்கு வேலையே இல்லைடி. டேப் ஒட்டற மெஷின்தான் நாள் பூரா பேசிட்டிருக்கும். நான் இருபத்தெட்டு வருஷம் பேசிட்டு, அது பேசறதைக் கேட்டுட்டு உக்காரணுமா?”

கடைசியில் கேள்விக்குறி சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

அன்று மாலையே சமையலறை மேசையில் வகுப்பு தொடங்கியது. பெரியம்மா வீணாய்ப்போன லேபிள் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, என் நான்கு நாடுகளுக்கும் நான்கு கட்டம் ஒதுக்கினாள்.

“ஹெர்ப்?” என்றாள். ஜாடிகளில் பாதி மூலிகை ஜாடிகள்.

“முதல்ல இருந்த நாட்டுல ஹெர்ப். ரெண்டாவது நாட்டுல எர்ப்.”

“ரெண்டாவது நாட்டுக்காரங்களுக்கு என்ன, மூச்சுத்திணறலா?”

“இல்லை பெரியம்மா. அங்க அந்த எச் சொல்ல மாட்டாங்க.”

“ஹவர்ல?”

“ஹவர்ல யாருமே சொல்ல மாட்டாங்க.”

“ஹோட்டல்ல?”

“அதுல பெரும்பாலும் எல்லாருமே சொல்வாங்க.”

“அப்ப ஹெர்ப் மட்டும் அந்த நாட்டுக்கு என்ன துரோகம் பண்ணிச்சு?”

அந்த நாட்டில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் பதினோரு மாதம் நின்றிருக்கிறேன். தினமும் மூலிகைத் தேநீர் விற்றிருக்கிறேன். கேட்கத் தோன்றியதே இல்லை.

அடுத்து ‘ஆஃபன்’, அதாவது அடிக்கடி. நான் வேலை பார்த்த கப்பலின் சமையல்காரர் நடுவில் இருக்கும் டி-யைத் தட்டிச் சொல்வார். அவர் மனைவியும் அதே சமையலறையில்தான் இருந்தாள். அவள் சொல்ல மாட்டாள். இருவரும் ஒரே நாடு, பக்கத்துப் பக்கத்து ஊர். “இது எப்படிக் குடும்பம் நடத்துது?” என்றாள் பெரியம்மா. பிறகு ‘ஆல்மண்ட்’. ஓரிடத்தில் எல் உண்டு, ஓரிடத்தில் இல்லை, ஓரிடத்தில் இருக்கிறதா இல்லையா என்று காது கண்டுபிடிப்பதற்குள் வாதுமை வாய்க்குள் போய்விடும். ஒரு ரேடியோ ரிப்பேர் கடை மாடியில் நான் குடியிருந்தபோது, கீழே ஒரே மேசையில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அதை ‘சோல்டர்’ என்பார், மற்றவர் எல்-லை விட்டுவிட்டு ‘சாடர்’ என்பார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பிடிக்காது. ஆனால் பற்றவைத்த கம்பி ஒட்டிக்கொண்டது.

பெரியம்மா கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் டிக், ஒன்றில் பெருக்கல் குறி, சிலவற்றில் இரண்டும். நிரம்பிய தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஆளுக்கு ஒண்ணை முழுங்கறாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசி வச்சுக்கிட்டாவது முழுங்கக் கூடாதா?”

“யாராவது ஒரு நாட்டைப் பிடிச்சுக்கங்க பெரியம்மா. அவங்க மாதிரியே கடைசி வரைக்கும் சொல்லுங்க.”

“மூணு பேர் பந்தியில உக்காந்திருக்காங்க. ஒருத்தர் இலையை மட்டும் பாத்துப் பரிமாறவா?”

யோசித்து, நடுச்சதுரத்து அம்மாளைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளோட்டத்தின்போது அவர் சிரிக்கவில்லையாம். காதுக்கு மேல் பென்சில் செருகியிருந்தாராம். “பென்சிலைக் காதுல வச்சிருக்கிறவங்க நம்ம ஜாதி,” என்றாள். அவள் ஜாதி என்றது தொழிலை. அந்த அம்மாளின் பேச்சை ஞாபகப்படுத்திச் சொன்னாள். நான் கேட்டுப் பார்த்ததில் அது என் இரண்டாவது நாட்டுப் பேச்சு. எர்ப் நாடு.

முழுங்கக் கற்பது சுலபமில்லை. பெரியம்மா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். பேசாத எழுத்து வரும் இடத்தில் உண்மையாகவே ஒரு மிடறு விழுங்கினாள். ‘(மிடறு) நைஃப்.’ ‘சா (மிடறு) மன்.’ கழுத்தில் நரம்பு தெரிந்தது. பெரியப்பா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “தொண்டையில என்ன?” “எல்,” என்றாள் பெரியம்மா. அவர் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

ஒரு வாரத்தில் மிடறு நின்றது. நாக்கு வழுக்க ஆரம்பித்தது. பிறகு வழுக்குவது நிற்கவில்லை. சில நாடுகளில் ஆர்-ரையும் அடக்கி வாசிப்பார்கள் என்று நான் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அதுவும் சேர்ந்துகொண்டது. “மாக்கெட் போயிட்டு வறேன்,” என்று பையை எடுத்தாள். பக்கத்து வீட்டம்மா வாசலில் நிறுத்தி, பல் கட்டியிருக்கிறாளா என்று கேட்டார்.

இதெல்லாம் வீட்டோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை.

காலுக்கு இரண்டு நாள் முன்பு, திங்கள்கிழமை, பெரியம்மா வழக்கம்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மீன் பேஸ்ட் லேபிளைப் படித்தாள். வழுக்கும் நாக்கோடு படித்தாள். சாமன். நைஃப். எர்ப். ஹாஃப். ஆமண்ட். அவளுக்கே தெரியவில்லை. நன்றாகப் படித்ததாகத்தான் நினைத்தாள்.

எதிர் நாற்காலியில் சிவப்புப் பேனா அறையின் சட்டப்படி நடந்துகொண்டார். வாயில் வராதது காகிதத்தில் இருக்கக் கூடாது. கே-யை அடித்தார். எல்-லை அடித்தார். அடுத்த எல்-லையும் அடித்தார். எச்-சுக்கு ஒரு பெருக்கல் குறி. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே லேபிளில் இவ்வளவு பிழை அவர் பார்த்ததில்லையாம். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தாராம். அவர் அடித்த எழுத்துகளையெல்லாம் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் எடுத்தார்கள். அவர்கள் வேலை எடுப்பது.

அச்சுக்குப் போகும் வழியில் அந்தத் தாள் மேனேஜர் கண்ணில் பட்டது. அவள் படிக்கிற ரூமுக்கு வந்து, அதை மேசையில் வைத்தாள்.

“எலி கடிச்ச மாதிரி இருக்கு,” என்றாள். கத்தவில்லை.

“அக்கா வாயில வரலை, அடிச்சேன்,” என்றார் சிவப்புப் பேனா.

“அண்ணா, உங்களுக்கே தெரியாதா? நைஃப்ல கே இருக்குன்னு?”

“ஜாம் கம்பெனி விஷயத்துல எனக்குத் தெரியும்னு நினைச்சேன் மேடம்.”

மேனேஜர் தாளை எடுத்துக்கொண்டாள். “புதன்கிழமை பாத்துக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பேக்கிங் செக்‌ஷனில் ஒரு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு வைத்திருப்பதை, பெரியம்மா அன்று போகும்போது பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்போடு உட்கார்ந்தாள். நான் டீ போட்டு வைத்தேன்.

“அங்க சொன்னா சிரிக்கிறாங்க. இங்க முழுங்கினா அழிஞ்சு போகுது. புதன்கிழமை தம்பியும் எதிர்ல ப்ரூஃபோட உக்காந்திருப்பான். அவனுக்குக் கேக்கணும், அவங்களுக்குக் கேக்கக் கூடாது. நான் என்னடி பண்றது?”

“கம்ப்யூட்டர் படிக்கட்டுமே பெரியம்மா” என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் டீயைத் தொடவில்லை. மேசையில் மோதிர விரலால் தாளம்போல ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். கல் வைத்த பழைய மோதிரம். விரல் இளைத்துப்போனதால் கல் எப்போதும் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்கும். மரத்தில் படும்போது டக், டக் என்று கேட்கும். திடீரென்று தட்டுவதை நிறுத்திவிட்டு விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

“எங்க கிளாஸ்ல ஒருத்தி இருந்தா. வாயே திறக்க மாட்டா. வாத்தியார் பேரைக் கூப்பிட்டா பெஞ்சுல ஒரு தட்டு தட்டுவா. அவளுக்கு அவர் ஒரு நாள்கூட ஆப்சென்ட் போட்டதில்லை.”

சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் படிக்கிற ரூமில் அதைச் சிவப்புப் பேனாவிடம் விளக்க அவள் ஒரு நாள் முழுக்க ஒதுக்கியிருந்தாள். அரை நிமிஷம்தான் ஆனது. மேசையில் ஒரு தட்டு தட்டி, “நைஃப்,” என்றாள். அவர் தாளைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். “தட்டினா இருக்கு. தட்டலைன்னா இல்லை. அவ்வளவுதானேக்கா?” என்றார்.

புதன்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். “நீ பின்னாடி தண்ணி கேன் பக்கத்துல நில்லு. நான் தப்பா முழுங்கினா இருமு.”

கால் நடந்தது முதலாளி அறையில். நீளமான பளபளப்பு மேசை. நடுவில் மேனேஜரின் கம்ப்யூட்டர்; அதன் காலடியில் ஒரு வட்ட மைக். பெரியம்மாவும் சிவப்புப் பேனாவும் எதிரெதிரே. மேனேஜர் ஒரு கையை விசைப்பலகைமேல் வைத்திருந்தாள். பெரியம்மா தடுமாறினால் ஒரு பொத்தான் போதும், கம்ப்யூட்டர் படிக்கத் தொடங்கிவிடும். திரையில் மூன்று சதுரம்: தண்ணீர் குடிக்கிறவர், பென்சில் அம்மாள், நெற்றி.

பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். “பெருசு. ஸ்மோக்டு.” அடுத்து “சாமன்.” டக்.

அழகாகத்தான் சொன்னாள். நாக்கு எங்கும் வழுக்கவில்லை, எங்கும் தடுக்கவில்லை. ஆனால் மைக் மேசைமேல் இருந்தது. எங்களுக்கு டக் என்று கேட்டது அங்கே எப்படிக் கேட்டதோ, தண்ணீர் குடிக்கிறவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கையைக் காட்டிவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பின்னால் ஒரு கதவு தெரிந்தது. திறந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. வந்து உட்கார்ந்தார்.

“வித்,” என்றாள் பெரியம்மா. டக். “எர்ப்ஸ். கமா.”

அவர் மறுபடியும் எழுந்தார். இந்த முறை கொஞ்சம் வேகமாக.

எனக்கு இருமல் வந்தது. நிஜ இருமல். அதை நான் அடக்கியதற்கு எனக்கு ஏதாவது கொடுக்கலாம். இருமியிருந்தால், பெரியம்மா தப்பாக முழுங்கிவிட்டோமோ என்று நினைத்து முதலிலிருந்து தொடங்கியிருப்பாள். நெற்றி திரையை விட்டுக் கீழே போய்விட்டது, முடி மட்டும் தெரிந்தது. மேனேஜரின் விரல் பொத்தானுக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றது. சிவப்புப் பேனா ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். தட்டு விழ விழ, எழுத்து எழுத்தாகத் தலையாட்டிக்கொண்டே போனார். ஒன்றையும் அடிக்கவில்லை.

நான்காவது முறை கதவைத் திறந்தபோது அவர் அதை மூடாமலே விட்டுவிட்டார். பெரியம்மா படித்து முடித்ததும் பென்சில் அம்மாள் கையைத் தூக்கினார். யார் தட்டுவது என்று கேட்டார்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள். நாங்கள் ஒத்திகை பார்க்காத இங்கிலீஷ் அது.

“மேடம், தட் இஸ் த லெட்டர் ஹூ இஸ் நாட் டாக்கிங். ஐ ஆம் கிவிங் அட்டென்டன்ஸ்.”

அதைச் சொல்லும்போதே ஹூ-வில் ஒரு தட்டு, டாக்கிங்கில் ஒரு தட்டு.

பென்சில் அம்மாள் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு, சிவப்புப் பேனாவின் பேனா மேயாமல் விட்டு வைத்திருந்த ப்ரூஃபைத் திரைக்குக் காட்டும்படி மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தார். முழு லேபிளும் மீதம் இருந்தது. ஓர் எழுத்துகூட எலி கடிக்கவில்லை. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் காதுக்கு மேலிருந்த பென்சிலை உருவினார்.

திருப்பிப் படிப்பது அவருடைய முறை. அவர் படித்தார். “ஸ்மோக்டு சாமன்.” அந்தப் பக்கத்து மேசையில் பென்சிலின் பின்முனை ஒரு தட்டு தட்டியது. எவ்வளவோ தூரம் தாண்டி வந்த சத்தம், பக்கத்து அறையில் ஆணி அடிப்பதுபோல் கேட்டது.

சிவப்புப் பேனா தலையாட்டினார். மேனேஜர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், வட்ட மைக்கைப் பிடித்து, பெரியம்மாவின் விரல் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

பென்சில் அம்மாள் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தார். “வித் எர்ப்ஸ்.”

தட்டு வரவில்லை. பிறந்ததிலிருந்து எர்ப் என்றே சொல்லி வளர்ந்தவர். அங்கே எச் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படி நினைவிருக்கும். சிவப்புப் பேனாவின் பேனா மெதுவாக இறங்கி, முதல் எழுத்தின்மேல் போய் நின்றது.

பெரியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மோதிர விரலை மட்டும் தூக்கி, அந்த நாட்டுக்காரர்கள் எல்லோருக்குமாக, ஒரு தட்டு தட்டினாள்.